பாத்தில் ஒரு சிட்டிகை கோலின்: கார்பன் டை ஆக்சைடை ஃபார்மேட்டாக்கும் வேலை

ஓசூர் பக்கம் முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு, கரைசலில் கொஞ்சமாகச் சேர்க்கும் அடிட்டிவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிக்கல் பாத்தில் (முலாம் கரைசலில்) பளபளப்புக்காகச் சேர்க்கும் பிரைட்னர் லிட்டருக்கு ஒரு சில மில்லி குறைந்தாலே போதும், வேலை மங்கிப்போகும். தொட்டியில் இருக்கும் கரைசல் அப்படியேதான் இருக்கிறது. மாறுவது கேத்தோடை, அதாவது முலாம் ஏறும் எதிர்மின் முனையை, ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும். அங்கே எது போய் உட்காருகிறதோ அதுதான் வேலையின் முகத்தை முடிவு செய்கிறது.

கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் வேறு வேதிப்பொருளாக மாற்றும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த பிரைட்னர்தான் நினைவுக்கு வரும். அதில் பெரிதாகப் பேசப்படும் அயனித் திரவங்கள் செய்வதும் இதே வேலைதான், அவற்றைக் கரைப்பானாகப் பார்ப்பதைவிட அடிட்டிவாகப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். கையால் செய்து பார்க்காமல் இதைச் சொல்லக்கூடாது என்பதால், காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில், கரைசலில் மின்சாரம் பாய்ச்சும் ஒரு சின்ன செல் கட்டினேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சமையல் உப்பை உருக்க 801 டிகிரி வேண்டும். நேர் அயனி பெரிதாக, ஒழுங்கில்லாத வடிவத்தில் இருந்தால் உப்பு படிகமாக அடுக்கிக்கொள்ளத் தடுமாறும். 100 டிகிரிக்குக் கீழேயே, சில நேரம் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். அதுதான் அயனித் திரவம். கார்பன் டை ஆக்சைடு அதில் நன்றாகக் கரையும்.

2011-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரைதான் பலரையும் இந்தப் பக்கம் திருப்பியது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ரிச்சர்ட் மேசலின் குழு செய்த வேலை. வெள்ளிக் கேத்தோடு, ஈமிம் டெட்ராஃபுளோரோபோரேட் என்ற அயனித் திரவமும் தண்ணீரும். செல்லுக்குக் கொடுத்தது 1.5 வோல்ட். கார்பன் டை ஆக்சைடைக் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கக் கொள்கையளவில் தேவைப்படுவதே 1.33 வோல்ட். அதற்கு மிக அருகிலேயே வினை ஆரம்பித்துவிட்டது. அதுவும் செலவான மின்சாரத்தில் 96 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடுக்கே போயிருக்கிறது. சாதாரணமாக இப்படி நடக்காது. கார்பன் டை ஆக்சைடு நேர்க்கோடாக இருக்கும் மூலக்கூறு. அதற்கு முதல் எலக்ட்ரானைக் கொடுத்து வளைக்க மட்டும் மைனஸ் 1.9 வோல்ட் அளவுக்குப் போக வேண்டும். அந்த வளைந்த இடைநிலையை ஈமிம் நேர் அயனி பக்கத்திலேயே இருந்து தாங்கிப் பிடிக்கிறது, கூடவே தண்ணீர் கேத்தோடுக்கு வந்து ஹைட்ரஜனாகப் போவதையும் குறைக்கிறது என்பதுதான் அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம்.

அதே திரவத்தை நான் வாங்கவில்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், முக்கியமான காரணம் ஃபுளோரின். டெட்ராஃபுளோரோபோரேட் தண்ணீரில் மெல்ல மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஏற்கனவே ஃபுளோரைடு அதிகம். பல் கறைபட்டு, எலும்பு வளைந்து போன மனிதர்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அதற்காகவே ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், கழிவை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் ஃபுளோரின் உள்ள உப்பை ஷெட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெள்ளியையும் விட்டுவிட்டேன். வெள்ளி, தங்கம், துத்தநாகம் எல்லாம் கார்பன் மோனாக்சைடு கொடுக்கும். வாசனை இல்லாத விஷவாயு, வீட்டு ஷெட்டில் அது வேண்டவே வேண்டாம். செம்பு போட்டால் மீத்தேன், எத்திலீன் என்று வாயுக்களாக வரும் என்பதை ஜப்பானில் யோஷியோ ஹோரி 1980களிலேயே காட்டிவிட்டார். அவற்றை அளக்க கேஸ் குரோமட்டோகிராஃப் வேண்டும். வெள்ளீயம், ஈயம், இண்டியம் மூன்றும் ஃபார்மேட், அதாவது ஃபார்மிக் அமிலத்தின் உப்பு, கொடுக்கும் உலோகங்கள். ஃபார்மேட் கரைசலிலேயே தங்கும், பியூரெட்டை வைத்து அளக்கலாம். அயனித் திரவத்திலும் இந்த உலோகங்கள் ஃபார்மேட்டைத்தான் தருகின்றன என்று 2014-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் போகார்ஸ்லி குழு காட்டியிருக்கிறது. ஃபார்மிக் அமிலத்துக்கு நம் பக்கத்திலேயே தேவையும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் இடங்களிலும், சாயப்பட்டறைகளிலும் அது அன்றாடப் பொருள். ஆக, வெள்ளீயம் என்று முடிவானது.

அடிட்டிவாக எடுத்துக்கொண்டது கோலின் குளோரைடு. கோழித் தீவனத்தில் சேர்ப்பது இதைத்தான். தீவனக் கடையில் கிடைப்பது மக்காச்சோளச் சக்கைத் தூளில் ஏற்றியது, இந்த வேலைக்கு ஆகாது. ஆய்வகத் தரத்தில் ஒரு பாட்டில் பெங்களூரில் வாங்கினேன். வெள்ளைப் படிகம். மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கண்ணெதிரே ஈரமணல் மாதிரி ஆகிவிடும், அதனால் எடை போடும் வேலையைச் சட்டென்று முடிக்க வேண்டும். தரம் குறைந்ததாகவோ பழசாகவோ இருந்தால் கருவாட்டு வாடை அடிக்கும். அது டிரைமெத்தில் அமீன், கோலின் சிதைவதற்கான அறிகுறி. இந்த வாடையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் கரைசல் கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கவும் உதவும்.

கோலின் குளோரைடு தனியாக அயனித் திரவம் இல்லை, அதன் உருகுநிலை 300 டிகிரிக்கு மேல். ஆனால் மோல் கணக்கில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு யூரியாவைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் உருகி, ஆறிய பிறகும் திரவமாகவே நிற்கும். 12 டிகிரியில்தான் உறையும். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஆபட் குழு 2003-ல் சொன்னது. அயனித் திரவங்களுக்கு நெருங்கிய சொந்தம். உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருப்பதால் ஆய்வக யூரியாவே போட்டு அதையும் செய்து பார்த்தேன். அழகான தெளிந்த திரவம், ஆனால் பாகு. வாயுக் குமிழி அடியிலிருந்து மேலே வர யோசித்து யோசித்து வருகிறது. வோல்டேஜை எவ்வளவு ஏற்றினாலும் மில்லி ஆம்பியர் நகர மறுக்கிறது. தண்ணீரைப் போலப் பல நூறு மடங்கு பிசுபிசுப்பு உள்ள திரவத்தில் அயனிகள் வேகமாக ஓட முடியாது. தொட்டி முழுக்க இதை ஊற்றி வேலை செய்வது வீண் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. தண்ணீர்க் கரைசலில் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் வழி.

இனி செல்.

கேத்தோடு: செம்புத் தகட்டில் வெள்ளீயம் பூசியது. எங்கள் பட்டறையில் எலெக்ட்ரிக்கல் டெர்மினல்களுக்குப் போடும் ஸ்டானஸ் சல்பேட் பாத்திலேயே பூசிக்கொண்டேன், பிரைட்னர் சேர்க்காத பாத்தில். சதுர டெசிமீட்டருக்கு 1 ஆம்பியர் கொடுத்தால் நிமிடத்துக்கு அரை மைக்ரான் ஏறும். 40 நிமிடம் விட்டால் 20 மைக்ரான். மெல்லிய பூச்சு போதாது. ஊசிமுனை அளவுக்குச் செம்பு தெரிந்தாலும் அது தன் போக்கில் வேறு வினை செய்யும். பித்தளைத் தகடும் கூடாது, துத்தநாகம் மேலே ஊறி வரும். முன்பக்கம் 10 சதுர சென்டிமீட்டர் மட்டும் விட்டு, ஓரத்தையும் பின்பக்கத்தையும் ஸ்டாப்-ஆஃப் லாக்கர் அடித்து மூடினேன்.

ஆனோடு (நேர்மின் முனை): பிளேட்டிங் கடையில் கிடைக்கும், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் வலை. கையில் இருக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள். அதிலிருந்து நிக்கலும் இரும்பும் துளித்துளியாகக் கரைந்து கேத்தோடில் வந்து படியும். பிறகு அது ஹைட்ரஜன் தயாரிக்கும் செல்லாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் தடுப்பு கட்டாயம். தடுப்பு இல்லாவிட்டால் கேத்தோடில் உண்டான ஃபார்மேட் ஆனோடுக்குப் போய்த் திரும்பவும் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். அதைவிட முக்கியம், கோலினோடு வரும் குளோரைடு ஆனோடைத் தொட்டால் குளோரின் வாயு வரும். பழைய டேனியல் செல் மாதிரி பூசாத மண்குவளை வைத்தும் செய்யலாம், ஆனால் சிறிது நேரத்திலேயே பிளீச்சிங் பவுடர் வாடை எட்டிப் பார்க்கும். நஃபியான் சவ்வு ஒரு துண்டு வாங்கிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை போனது. அது நேர் அயனிகளை மட்டும் விடும், குளோரைடைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கோலினும் நேர் அயனி என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆனோடு பக்கக் கரைசலை மாற்றிவிடுகிறேன்.

கரைசல் இரண்டு பக்கமும் அரை மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், அதாவது 100 மில்லிக்கு 5 கிராம். கேத்தோடு பக்கம் மட்டும் 1.4 கிராம் கோலின் குளோரைடு, 0.1 மோலார் கணக்கு. தண்ணீர் நல்ல டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும். வேண்டுமென்றே எங்கள் போர் தண்ணீரிலும் ஒரு கரைசல் கலந்து ஓட்டிப் பார்த்தேன். தகட்டின் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படலம், அதற்கு நடுவே கருப்புத் திட்டு, திட்டு இருக்கும் இடத்திலெல்லாம் ஹைட்ரஜன் நுரைக்கிறது. கால்சியமும் இரும்பும் எப்படி ஒரு கேத்தோடைக் கெடுக்கும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இதைவிட நல்ல செயல்விளக்கம் இல்லை.

கார்பன் டை ஆக்சைடு மிக் வெல்டிங் சிலிண்டரிலிருந்து. ரெகுலேட்டர், அப்புறம் ஒரு கரித்தூள் குழாய், ஒரு தண்ணீர் பாட்டில், அதன் பிறகு மீன் தொட்டியில் போடும் காற்றுக் கல். ஷெட் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். கனமான வாயு, தரையோடு தேங்கும். சாதாரண அழுத்தத்தில் 30 டிகிரியில் லிட்டர் தண்ணீரில் 1.3 கிராம்தான் கரையும். வெயில் ஏற ஏற இதுவும் குறையும். அதனால் சித்திரை மத்தியானத்தில் ஓட்டுவதைவிட விடியற்காலையில் ஓட்டினால் கேத்தோடுக்குத் தீனி கூடுதலாகக் கிடைக்கும்.

வோல்டேஜை ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் மட்டும் அளந்தால் ஒன்றும் புரியாது. சுத்த வெள்ளிக் கம்பியில் குளோரைடு படிய வைத்து, பொட்டாசியம் குளோரைடில் முக்கி, ஒப்பிட்டு அளக்க ஒரு ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு செய்து கேத்தோடுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை வைத்து அளந்தால் வெள்ளீயம் ஃபார்மேட் வேலையை ஒழுங்காகச் செய்வது மைனஸ் 1.6 வோல்ட் அக்கம்பக்கத்தில்.

முதலில் கோலின் இல்லாமல், வெறும் பைகார்பனேட்டில் ஓட்டினோம். பட்டறையில் என்னோடு வேலை செய்யும் தம்பி கூட இருந்தான். தகட்டின் ஓரங்களில் பொடிப் பொடியாகக் குமிழிகள் பூத்து, பெருத்து, பிய்த்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. கேத்தோடு வோல்டேஜை மாற்றாமல், கரைத்து வைத்திருந்த கோலினைப் பிப்பெட்டில் விட்டேன். குமிழிகள் கண் முன்னால் மெலிந்தன. அம்மீட்டரும் இறங்கியது.

“என்னண்ணா, கரண்டு கொறஞ்சிருச்சு. பாத் செத்துப்போச்சா?”

“சாகலடா தம்பி. ஹைட்ரஜனுக்குப் போன கரண்டு நின்னிருக்கு. மிச்சம் எங்க போவுதுன்னுதான் பாக்கணும்.”

“பிரைட்னர் போட்டா பர்னிங் நிக்கிற மாதிரிங்களா?”

சரியான கேள்வி. பர்னிங் என்பது கரண்டு மிஞ்சிய இடத்தில் பூச்சு கருகிப்போவது. பிரைட்னர் மூலக்கூறு, கரண்டு அதிகமாகப் பாயும் மேட்டில் போய் உட்கார்ந்து அங்கே உலோகம் ஏறுவதை மட்டுப்படுத்துகிறது. கோலின் ஒரு நேர் அயனி, எதிர்மின் சுமை உள்ள தகட்டை ஒட்டிக் குவிகிறது. அந்த அடுக்கில் தண்ணீருக்கு இடம் குறைகிறது. ஈமிம் இதே இடத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு படி மேலே போகிறது, கார்பன் டை ஆக்சைடோடேயே பிணைந்துகொள்ளும். 2014-ல் வந்த ஒரு ஆய்வில், அசிட்டோநைட்ரைலில் ஈயக் கேத்தோடு ஆக்சலேட் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஈமிம் அயனித் திரவத்தைச் சேர்த்ததும் விளைபொருள் கார்பன் மோனாக்சைடு பக்கம் திரும்பிவிட்டது. அதே உலோகம், அதே வாயு. ஒட்டியிருக்கும் அடுக்கு மாறியதும் பொருளே மாறிவிட்டது. அடிட்டிவ் என்று நான் சொல்வது இதனால்தான்.

குமிழி குறைந்தது என்பது ஃபார்மேட் வந்ததற்குச் சாட்சி ஆகாது. அளக்க வேண்டும். அதற்காக நிலையான மின்னோட்டத்துக்கு மாற்றி, 50 மில்லி ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். பாய்ந்த மின்சாரத்தின் அளவு 180 கூலும். ஒரு ஃபார்மேட்டுக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால், ஒரு துளியும் வீணாகாமல் எல்லாமே ஃபார்மேட்டானால் கிடைக்கக்கூடியது ஃபார்மிக் அமிலக் கணக்கில் 43 மில்லிகிராம். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது.

அளக்கப் பயன்படுத்தியது பழைய பெர்மாங்கனேட் முறை. காரக் கரைசலில் சூடாக்கினால் ஃபார்மேட் பெர்மாங்கனேட்டைப் பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடாக்கும். அளவு தெரிந்த பெர்மாங்கனேட்டைக் கூடுதலாகச் சேர்த்து, வினை முடிந்ததும் பொட்டாசியம் அயோடைடு போட்டு அமிலமாக்கி, விடுபடும் அயோடினைத் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்ய வேண்டும். இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், கேத்தோடில் கொடுத்த எலக்ட்ரானைத்தான் பியூரெட்டில் திரும்ப எண்ணுகிறோம். 180 கூலும் முழுக்க ஃபார்மேட்டில் போய்ச் சேர்ந்திருந்தால், 0.1 மோலார் தயோசல்பேட்டில் ஃபார்மேட் இல்லாத வெற்றுக்கும் இதற்கும் 18.7 மில்லி வித்தியாசம் வர வேண்டும். வந்த வித்தியாசத்தை 18.7-ஆல் வகுத்தால் எத்தனை சதவீதம் என்று நேராகத் தெரிந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், கோலினும் பெர்மாங்கனேட்டோடு வினை செய்யும். செல்லிலிருந்து எடுத்த கரைசலை அப்படியே டைட்ரேட் செய்தால் கணக்கு கோலினுடையதா ஃபார்மேட்டுடையதா என்று சொல்லவே முடியாது. அதனால் முதலில் காய்ச்சி வடித்து எடுக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு (அவசரப்பட்டால் பைகார்பனேட் பொங்கிக் குடுவைக்கு வெளியே வந்துவிடும்), நுரை அடங்கியதும் காய்ச்சி வடிக்கும் கருவியில் ஏற்றினேன். கோலின் உப்பு, ஆவியாகாமல் குடுவையிலேயே தங்கும். ஃபார்மிக் அமிலம் ஆவியோடு வரும், ஆனால் தண்ணீர் முந்திக்கொள்ளும், அமிலம் பின்னால்தான் வரும். முதலில் வந்ததை மட்டும் எடுத்து அளந்தால் ஏமாந்துபோவோம். குடுவையில் கொஞ்சமாகக் குறைந்ததும் தண்ணீர் ஊற்றி மறுபடி வடித்து, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடுவையை வற்றவிடவும் கூடாது, குளோரைடு இருப்பதால் கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கிளம்பி வரும்.

வடித்த நீரில் காரமும் பெர்மாங்கனேட்டும் விட்டு வெந்நீரில் நிறுத்தியபோது ஊதா நிறம் ஓரத்திலிருந்து பச்சையாகி, பிறகு பழுப்பு மேகம் மாதிரிக் கலங்கியது. கோலின் போட்ட ஓட்டத்தில் வித்தியாசம் வெறும் பைகார்பனேட் ஓட்டத்தைவிடத் தெளிவாக அதிகம். ஒரே கூலும், ஒரே தகடு.

இந்த இடத்தில் நின்றுவிடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அயனித் திரவம் எதுவாக இருந்தாலும் அது கரிமப் பொருள், அதற்குள்ளேயே கார்பன் இருக்கிறது. கேத்தோடில் அதுவே உடைந்து ஏதாவது ஆவியாகும் பொருளைக் கொடுத்தால், அதுவும் பெர்மாங்கனேட்டைத் தின்னும், நாம் கார்பன் டை ஆக்சைடை மாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்படுவோம். அதனால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் நைட்ரஜன் விட்டு அதே கூலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பைகார்பனேட் கரைசலே கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டிருக்கும், ஆகவே நைட்ரஜன் ஓட்டத்துக்குப் பைகார்பனேட்டை எடுத்துவிட்டுப் பாஸ்பேட் பஃபர் போட வேண்டும். பஃபரில் கோலின் இருந்தபோது பியூரெட்டில் சுழி வரவில்லை, சிறிதளவு வந்தது. அதைக் கழித்த பிறகும் கார்பன் டை ஆக்சைடு ஓட்டத்தில் நல்ல மிச்சம் நின்றது. அந்த மிச்சம்தான் உண்மையான ஃபார்மேட். பெரிய ஆய்வகங்களில் கார்பன்-13 உள்ள வாயுவை விட்டு, விளைபொருளில் அதே கார்பன் இருக்கிறதா என்று என்எம்ஆரில் பார்ப்பார்கள். அது நம்மிடம் இல்லை. நைட்ரஜன் சிலிண்டர் எல்லோருக்கும் கிடைக்கும். அயனித் திரவம் சேர்த்துச் செய்யும் எந்தப் பரிசோதனையிலும், இந்த வெற்றோட்டம் இல்லாமல் எழுதும் சதவீதத்தை நான் நம்பமாட்டேன்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடலாம். செல்லுக்கு 3 வோல்ட், வீணே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோ ஃபார்மிக் அமிலத்துக்கு 3.5 யூனிட் ஆகும். அது விழுங்கும் கார்பன் டை ஆக்சைடு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டரை கிலோ வெளியே விட்டு ஒரு கிலோவை உள்ளே இழுக்கிறோம். சூரிய மின்சாரத்தில் ஓட்டினால்தான் இதற்கு அர்த்தம் உண்டு. எங்கள் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. மாம்பழ சீசனில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைப் பாய்லர் புகைபோக்கிகளைப் பார்க்கும்போது வாயுவுக்கும் குறைவில்லை என்று தோன்றும். ஆனால் விறகுப் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன், எரிந்தது போக மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் இருக்கும், அது கேத்தோடில் முதல் ஆளாக எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். சுத்தம் செய்யாமல் நேராகச் செல்லுக்குள் விட முடியாது. நொதித்தல் வாயு இதைவிடச் சுத்தமானது, அதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

வெள்ளீயத் தகடு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சாம்பல் நிறமாக வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி, டிஸ்டில்டு வாட்டரில் அலசினால் திரும்ப வெளுக்கும், ஆனால் பூச்சு மெலிந்துகொண்டே போகும். ஓரத்தில் செம்பு எட்டிப் பார்க்கும் முன் புதிதாகப் பூசிக்கொள்ள வேண்டும். கோலின் கரைசலில் கருவாட்டு வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குகிறேன். கழிவைப் பட்டறைக் கழிவுநீரோடு சுத்திகரிப்புக்கு அனுப்பிவிடுகிறேன், மண்ணில் ஊற்றுவதில்லை.

அடுத்து மாற்றப்போவது உப்பு. கோலின் பைகார்பனேட் தண்ணீர்க் கரைசலாகவே விற்கிறார்கள். அதைப் போட்டால் குளோரைடே இருக்காது, ஆனோடில் குளோரின் பயம் போகும், வடிக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பற்றிய கவலையும் போகும். அதற்கான நைட்ரஜன் வெற்றோட்டத்தைத்தான் முதலில் ஓட்டப்போகிறேன்.